கைக்கு அளவெடுத்த துப்பாக்கி

துப்பாக்கி ஒன்று வாங்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது மனைவி பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. "யாரச் சுடறதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று வயதில், ஒரு மென்பொருள் நிறுவனத்தில் யாரும் படிக்காத கையேடுகளை எழுதிக்கொண்டிருப்பவனுக்கு, சுட வேண்டிய அளவுக்கு நெருக்கமானவர்கள் யாரும் மிஞ்சியிருக்கவில்லை.

"காகிதத்த" என்றேன்.

"அதத்தானே இருபத்தஞ்சு வருஷமா பாழாக்கறீங்க. இப்ப ஓட்ட வேற போடணுமா?" என்றாள்.

இதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. இரண்டு வருடங்களுக்கு முன் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்த மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். தொம்மலூரில் எங்கள் தெருவில் நடப்பது என்றால் பாதி நேரம் நடைபாதையிலிருந்து இறங்குவது, மீதி நேரம் ஸ்கூட்டருக்கு ஒதுங்குவது. ஆகவே நின்றபடியே ஆடக்கூடிய விளையாட்டு ஏதாவது உண்டா என்று தேடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குறிபார்த்துச் சுடுவதற்கு ஒரு கூடம் அகப்பட்டது. பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை, அதில் கறுப்பு வட்டம். இடது கை பேன்ட் பாக்கெட்டில். நீட்டிய வலது கையில், காற்றழுத்தத்தில் ஈயக் குண்டைத் துப்பும் ஏர் பிஸ்டல். அவ்வளவுதான். அசையாமல் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கிடைத்த தண்டனையை இங்கே சந்தா கட்டி வாங்கிக்கொண்டேன்.

முதல் வருடம் சுமாராகச் சுட்டேன். சுமார் என்ற உயரத்தை நான் தொட்ட துறைகள் குறைவு; எனவே அதில் ஒரு பற்று வந்துவிட்டது. பிறகு குண்டுகள் விலகத் தொடங்கின. கறுப்பு வட்டத்தின் வலது ஓரத்தில் கூட்டமாக, வாசலில் செருப்பு விட்டதுபோல் கிடந்தன.

ஏறக்குறைய அதே வாரத்தில் வீட்டில் காபி டம்ளர் நடுங்கியது. எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் லேசான ஓர் ஆட்டம். கீழே டவரா இருந்ததால் சேதமில்லை.

என் அப்பாவுக்கு நடுக்குவாதம். கடைசி ஏழு வருடங்கள் அவருடைய வலது கை மடியில் சும்மா கிடக்கும்போதே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே இல்லாத ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தது. பிறகு சட்டைப் பொத்தான், பிறகு ஸ்பூன், பிறகு பேச்சு என்று ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின. ஆகவே டம்ளர் ஆடிய அன்றைக்கே எனக்கு மிச்சக் கதை தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து மனைவி சொன்னாள்: "நரம்பு டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாங்க."

காட்டலாம் என்றேன். அப்புறம் ஆபீஸில் புது மென்பொருள் ரிலீஸ் வந்தது. மழை வந்தது. அடுத்த ரிலீஸ் வந்தது. கடவுள் நம்பிக்கையே இல்லாத நான் ஒருமுறை அமாவாசையைக்கூடக் காரணம் சொன்னேன். இப்படிப் பத்து மாதங்கள். இந்தப் பத்து மாதங்களில் நான் கண்டுபிடித்த கோட்பாடு இது: கோளாறு கையில் இல்லை, துப்பாக்கியில். கூடத்தில் வாடகைக்குக் கொடுக்கும் பிஸ்டலின் பிடியை நாற்பது பேர் பிடித்துத் தேய்த்திருக்கிறார்கள். அது எவன் கைக்கோ செய்தது. என் கைக்கென்றே ஒன்று செய்து, அதில் குண்டு நடுவில் விழுந்துவிட்டால் கை நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடும், டாக்டரும் வேண்டாம். டம்ளரைப் பற்றி அந்தக் கோட்பாடு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நிஜத் துப்பாக்கியைப் பற்றியும் விசாரித்தேன், மறைப்பானேன். உரிமம் கேட்டால் உயிருக்கு என்ன ஆபத்து என்று கேட்பார்களாம். ஆபீஸில் என்னைத் திட்டி மெயில் எழுதிய இரண்டு பேரும்கூட இப்போது பேரப்பிள்ளைகளோடு அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஏர் பிஸ்டலுக்கு, வேகம் ஒரு வரம்புக்குள் இருந்தால், உரிமம் வேண்டியதில்லை. கூடத்தில் இருந்தவர்கள் நகரத்துக்கு வெளியே, ஓசூர் ரோட்டில் அத்திபெலேயில் துப்பாக்கி செய்யும் ஒருவரைச் சொன்னார்கள். "கைய பாத்து செய்வாரு சார். ஆனா லேட் பண்ணுவாரு."

துப்பாக்கி செய்பவர் என்றதும் நரைத்த தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி, எண்ணெய் விளக்கு என்று நான் ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன். போனால், முப்பத்தெட்டு வயது இருக்கும், ஜீன்ஸ், ஒரு காதில் மட்டும் கறுப்பாக ஒரு இயர்போன். மரப்பெட்டி அடிக்கும் பட்டறைக்கும் மார்பிள் அறுக்கும் இடத்துக்கும் நடுவே தகரக் கொட்டகை. உள்ளே இரண்டு லேத்துகள், கணினியில் ஓடும் ஒரு பெரிய இயந்திரம், சுவரில் கண்ணாடி போட்ட ஆயுதப் பழுதுபார்ப்பு உரிமம், அதற்குப் பக்கத்தில் மாதா படம். நகரத்தில் பாதிப் பெற்றோர் பிள்ளைகளைச் சுடுதல் பயிற்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்ததால் அவருக்கு ஐந்து மாத வேலை கையில் இருந்தது. போனில் யாரிடமோ, "ஒப்ப அங்கிள் பந்திதாரே, ஆமேலே மாத்தாட்தினி" என்றார். அங்கிள் ஒருவர் வந்திருக்கிறாராம், அப்புறம் பேசுகிறாராம். அங்கிள் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன்.

"சொல்லுங்க சார். மேட்ச் பிஸ்டலா?"

"பழைய மாதிரி வேணும்" என்றேன். "எட்டுப் பட்டை பேரல். வளைஞ்ச மரப் பிடி. அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்க ரெண்டு பேரு எதிரெதிர நின்னு சுட்டுக்குவாங்களே, அந்த மாதிரி."

"ஓ, மானப் பிரச்சன துப்பாக்கி" என்றார். "செய்லாம். உள்ள காத்து, வெளிய கெத்து. ஆனா சார், ஒண்ணு சொல்லிடறேன். இது உங்க கைக்கு மட்டுந்தான் ஒக்காரும். நாளைக்கி வித்துர்லாம்னு பாத்தா எவனும் தொட மாட்டான்."

அதுதான் வேண்டும் என்றேன்.

அவருடைய வேலை முறை இது. பிஸ்டலின் எடையுள்ள ஒரு இரும்புக் கட்டையைச் சுற்றி, இரண்டு டப்பாக்களிலிருந்து எடுத்துப் பிசைந்த பசையை அப்புவார். அதைப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டி, எதிர்ச் சுவரில் உள்ள காலண்டரைக் குறிபார்த்து நிற்க வேண்டும். பத்து நிமிடத்தில் பசை கல்லாக இறுகிவிடும். அதுதான் கையின் அச்சு. இதைப் பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை எடுப்பார்.

"மூணும் ஒத்துப்போனாதான் மரத்துல அரம் வெப்பேன் சார்."

"ஒரே நாள்ல மூணையும் எடுத்துடலாமே? நான் தொம்மலூர்லேந்து வரணும்."

"ஒரே நாள்ல மூணு தடவ ஒரே பொய்ய சொல்லிர்லாம் சார். பதினஞ்சு நாள் விட்டா மறந்துரும்."

எல்லோரும் பொய் சொல்வார்களா என்று கேட்டேன். "அச்சு எடுக்கறேன்னதும் எல்லாருக்கும் போட்டோ புடிக்கற நெனப்பு வந்துருது சார்" என்றார்.

எனக்கும் வந்தது. முதல் தடவை கட்டையை வாங்கியதும் மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு, ஐந்து விரல்களையும் பசைக்குள் அழுத்தினேன். கை ஆடவில்லை. அப்படி அழுத்தினால் பூகம்பத்தில்கூட ஆடாது. பத்து நிமிடம் முடிந்தபோது விரல்களைப் பிரிக்க அவர் உதவ வேண்டியிருந்தது. இரண்டாவது தடவைக்கு முன்னேற்பாடாக இரண்டு நாள் காபி குடிக்கவில்லை. போதாதென்று முழங்கையை யாருக்கும் தெரியாமல் விலாவில் முட்டுக் கொடுத்துக்கொண்டேன். அவர் லேத்தில் எதையோ கடைந்துகொண்டிருந்தார். பார்க்கவில்லை என்று நம்பினேன்.

மூன்றாவது தடவை ஒரு சனிக்கிழமை. வழியில் சந்தாபுராவில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் வேறு யாருடையதோ ஆகிவிட்டது. பக்கத்து காரில் ஒருவர் ஸ்டியரிங்கின் மேல் டிபன் டப்பாவை வைத்து நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவி, பல் குத்தி, ஒரு குட்டித் தூக்கமும் போட்டார். கொட்டகைக்குள் நுழைந்தபோது என்னிடம் ஏமாற்றுவதற்குத் தெம்பு இல்லை. கட்டையைப் பிடித்தேன், நீட்டினேன், நின்றேன். கை ஆடியது. காலண்டரில் என் குறி வெள்ளிக்கும் சனிக்கும் நடுவே போய்ப்போய் வந்தது. ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பசை இறுகியதும் அவர் மூன்று அச்சுகளையும் ஜன்னலோர மேசையில் வரிசையாக வைத்தார். நடு விரல் பள்ளத்தில் ஒரு சின்ன அளவுகோலை விட்டு விட்டு எடுத்தார். இயர்போனைக் காதிலிருந்து கழற்றிப் பாக்கெட்டில் போட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

"சார், நீங்க டெய்லி பஸ்ஸா?"

"முன்ன. இருபது வருஷம். இப்பதான் கார்."

"அதான். மொதல் அச்சுல நீங்க துப்பாக்கியப் புடிக்கல, பஸ் கம்பியப் புடிச்சிருக்கீங்க. பாருங்க எம்மாம் பள்ளம். டிரைவர் பிரேக் போட்டா விழுந்துருவோம்னு புடிக்கற புடி இது." இரண்டாவதைத் தொட்டார். "இதுல முழங்கையக் கொண்டுபோயி ஒடம்புல ஒட்டிக்கினீங்க. நான் பாத்தேன். சரி, பெரியவங்க, எதுக்கு கேக்கணும்னு வுட்டுட்டேன்." மூன்றாவதைக் கையில் எடுத்தார். அதில் பள்ளங்களின் ஓரம் கூர்மையாக இல்லை. ஈர மணலில் பதிந்த கால்தடத்தை அலை ஒருமுறை தொட்டுப் போனதுபோல் மழுங்கியிருந்தது. "இதுதான் சார் வந்த கை. கை ஆடுதா?"

"டிராஃபிக்கு" என்றேன். "கிளட்சு."

"கிளட்சு கால்ல சார்."

பிறகு நான், என்ன காரணத்தாலோ, மனைவியிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அப்பாவின் கை, டம்ளர், வலது ஓரம் போன குண்டுகள், பத்து மாதமாக உள்ளே இருந்த பயம். அவர் அச்சைக் கீழே வைத்துவிட்டு, வேலைக் கணக்கில் இறங்கினார்.

"கொஞ்சம் ஆட்டம் இருந்தா அதுக்கு வழி இருக்கு. முன் பக்கம் எடை ஏத்தலாம், புடிய அகலமா விடலாம். ஆனா அடுத்த வருஷம் ஆட்டம் ஜாஸ்தி ஆச்சுன்னு வைங்க, இதே துப்பாக்கி உங்களுக்கு ஒதவாது. நீங்க போயி எல்லார்கிட்டயும் அவன் சரியா செய்யலன்னு சொல்லுவீங்க."

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுவீங்க சார். இப்பவே கிளட்ச சொன்னீங்களே." அச்சுகளைத் துணியில் சுற்றினார். "டாக்டர் சீட்டு கொண்டாங்க. இது என்னா ஆட்டம், ஏறுமா நிக்குமான்னு எழுதி வாங்கினு வாங்க. கவர்மென்ட்டு இதுக்கு லைசென்ஸ் வாணாம்னு சொல்லிருக்கு. நான் கேக்கறேன்."

இரவு சாப்பிடும்போது மனைவியிடம் திங்கட்கிழமை நரம்பு மருத்துவரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "என்ன திடீர்னு?" என்றாள். துப்பாக்கிக்காரர் கேட்டார் என்றேன். ரசக் கரண்டி அப்படியே நின்றது.

"நான் பத்து மாசமா சொல்றேன். யாரோ அத்திபெலேக்காரன் ஒரு தடவ சொன்னதும் ஓடறீங்க."

"அவரு சீட்டு இல்லாம துப்பாக்கி தர மாட்டேங்கறாரு."

"எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள். "நானும் சீட்டு இல்லாம சோறு போட்டிருக்கக் கூடாது."

மருத்துவர் இளம்பெண். என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, நடுவிலிருந்து ஆரம்பித்து முறுக்கு மாதிரி சுற்றிச் சுற்றி ஒரு கோடு போடச் சொன்னார். போட்டேன். அது முறுக்குதான், ஆனால் முள்ளு முறுக்கு. இருபத்தைந்து வருடங்களாக எழுதுகிறேன், நான் காகிதத்தில் செய்த எதையும் ஒருவர் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. பிறகு கைகளை மடியில் வைத்துச் சும்மா உட்காரச் சொன்னார். என்னைப் பார்க்காமல் என் கைகளையே பார்த்தார். கை மேல் என் கவனம் போகாமலிருக்க, மாதப் பெயர்களை டிசம்பரிலிருந்து தலைகீழாகச் சொல்லச் சொன்னார். நான் ஆகஸ்டில் தடுமாறினேன். மனைவி பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். மடியில் என் கைகள் சும்மா கிடந்தன. அவை சும்மா கிடப்பதை நானும் அப்போதுதான் பார்த்தேன். அப்பாவின் கை அப்படி ஒருநாளும் கிடந்ததில்லை.

நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், மணிக்கட்டை மடக்கி மடக்கிப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "அப்பாவுக்கு இருந்தது வேற சார். அது சும்மா இருக்கும்போது ஆடும். உங்களது வேல செய்யும்போதுதான் ஆடுது. இதுல உயிருக்கு ஒண்ணும் இல்ல. முழுசா போகாது. மெதுவா, ரொம்ப மெதுவா கூடலாம். தொந்தரவு ஜாஸ்தியானா மாத்திரை இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுங்க."

பத்து மாதங்கள் ஒரு மூட்டையை முதுகில் சுமந்து வந்து, இறக்கிப் பார்த்தால் அது அடுத்த வீட்டுக்காரனுடைய மூட்டை. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது. திரும்பும் வழியில் ஆட்டோவில் மனைவியின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கினேனாம். இறங்கியபோது அவள் கண் சிவந்திருந்தது. புகை என்றாள். கிளட்ச் என்று சொன்னவன் அதற்கு மேல் கேட்கக் கூடாது.

சீட்டை எடுத்துக்கொண்டு அத்திபெலே போனேன். துப்பாக்கிக்காரர் அதை நிதானமாக, எழுத்துக் கூட்டி, இரண்டு முறை படித்தார். மடித்து உரிமத்தின் கண்ணாடிச் சட்டத்தில் செருகிவிட்டார்.

"சரி சார். மூணாவது அச்சு இருக்கட்டும். அதுக்கு ஜோடியா இன்னும் ரெண்டு வேணும். ரெஸ்ட் எடுத்துக்கினு வராதீங்க. அதே மாதிரி டிராஃபிக்ல மாட்டிக்கினு வாங்க."

அதற்குச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. ஓசூர் ரோடு ஒத்துழைத்தது. இரண்டு சனிக்கிழமைகள், காரிலிருந்து இறங்கிய கையோடு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கட்டையைப் பிடித்து நின்றேன். மூன்றாவதும் நான்காவதும் ஐந்தாவதும் அச்சு அசலாக ஒத்துப்போயின. களைத்திருக்கும்போது நான் மாறாதவன் என்று தெரிந்துகொண்டேன். இதை அலுவலகத்தில் யாரிடமாவது சொல்லியிருந்தால் முன்பே ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

துப்பாக்கி தயாராக நான்கு மாதங்கள் ஆயின. பேரல் எட்டுப் பட்டையாக, நீலம் பாய்ந்த கறுப்பு. பிடி ஈட்டி மரம். யாரோ விற்ற பழைய கட்டிலின் கால் என்றார். உப்புத்தாள் போட்டு இழைத்து எண்ணெய் ஊறவிட்டிருந்தார். பிடியின் பள்ளங்கள் ஆழமில்லை. ஓரங்கள் மழுங்கலாக, விரல்கள் கொஞ்சம் அப்படி இப்படி நகர இடம் விட்டு இருந்தன. பிடித்தேன். ரயிலில் நமக்கென்று ஒருவர் துண்டு போட்டு வைத்த இடத்தில் உட்காருவதுபோல் இருந்தது.

"ஆட்டத்த நிறுத்தப் பாக்காதீங்க சார்" என்றார். "ஆடறப்பவே சுடுங்க. நிறுத்தப் பாத்தீங்கன்னா வலது பக்கம் இழுத்துருவீங்க. அதான் குண்டு ஓரமா போச்சு." பிறகு ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். முதல் இரண்டு அச்சுகள். "இது எனக்கு வாணாம். நல்ல மூணும் என்கிட்ட இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் சுட்டேன். இதைப் படிப்பவர்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும், மன்னிக்க வேண்டும். குண்டுகள் முன்போலவே சிதறின. ஆனால் வலது ஓரத்தில் இல்லை. நடுவைச் சுற்றிலும், எல்லாப் பக்கமும், சோளப்பொரி இறைத்ததுபோல். மதிப்பெண் முதல் வருடத்தை எட்டவில்லை. பக்கத்தில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி ஒரே ஓட்டையில் பத்துக் குண்டுகளைப் போட்டுவிட்டு என் துப்பாக்கியைப் பார்த்து, "சூப்பரா இருக்கு அங்கிள்" என்றாள். துப்பாக்கியைத்தான்.

வீட்டுக்கு வந்து பையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மனைவி அச்சுகளை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாரோடது?"

"என்னோடது."

"உங்க கை இல்லயே இது." முதல் அச்சின் பள்ளங்களுக்குள் தன் விரல்களை விட்டுப் பார்த்தாள். "யாரோ பயந்தவன் கை மாதிரி இருக்கு." மேசையில் திரும்ப வைத்துவிட்டுக் காபி போட உள்ளே போனாள்.

டம்ளர் வந்தது. கையில் எடுத்த பிறகுதான் கவனித்தேன். காபி முக்கால் டம்ளர்தான் இருந்தது.

"எப்பலேந்து கொறச்சு ஊத்தற?"

"போன வருஷ மழைலேந்து" என்றாள்.

"ஒரு வார்த்த சொல்லல."

"நீங்க சொன்னீங்களா?"

ஒரு வருடத்துக்கும் மேலாகத் தினமும் இரண்டு வேளை முக்கால் டம்ளர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பால் விலைதான் காரணம் என்று நினைத்து, பெருந்தன்மையாக அதைக் கேட்காமலும் இருந்திருக்கிறேன். டம்ளரை அவள் பக்கம் நீட்டினேன். நீட்டியதால் கை ஆடியது. நீட்டும்போதுதான் அது ஆடும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

"இன்னும் ஊத்து" என்றேன். "டவரா இருக்கில்ல."

அவள் ஊற்றினாள், விளிம்பு வரைக்கும். கொஞ்சம் டவராவில் விழுந்தது. அதையும் குடித்தேன்.